ஒத்துப்போன மீட்டர்

மீட்டர் செத்துப்போனது தெரிந்ததும் மௌனிகாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று பின்சீட்டில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள்.

முந்தின நாள் மழையில் போத்தனூர் ரயில் பாலத்துக்கு அடியில் கார் டாஷ்போர்டு வரைக்கும் முங்கிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் இருமி இருமி எழுந்துகொண்டது. மீட்டர் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. முள் இல்லை, எண் இல்லை, ஒரு சின்ன விளக்குகூட இல்லை.

"சோலி முடிஞ்சுது" என்றார் அப்பா சென்னியப்பன். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். "கடைசியா எவ்வளவு கண்ணு ஓடியிருந்துது?"

"ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரத்துச் சொச்சம்."

"சொச்சமா? நீயா சொச்சம்ங்கற?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பேசத் தொடங்கின வயசிலிருந்தே மீட்டர் படிப்பது அவளுடைய வேலை. வண்டி தெருமுனை திரும்பும்போது அவள் எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டும். அப்பா முந்தின நாள் எண்ணைச் சொல்லுவார். ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்பார்களோ இல்லையோ, மீட்டர் கண்ணாடிக்கு அவள் கையால் சந்தனப் பொட்டு உண்டு. அம்மா கோபித்துக்கொண்டு தாராபுரத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்ட பிறகு அந்த டாக்ஸிதான் அவர்கள் வீடு மாதிரி. அப்பா அவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, சாப்பாடு வாங்கித் தருவது, பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது எல்லாம் அதற்குள்தான் நடந்தது.

அந்த எண்ணைப் பார்த்து அவள் பயப்பட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது.

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸியை நசுக்கிவிட வேண்டும் என்பது சட்டம். வண்டி போவதில் அவளுக்குப் பயம் இல்லை. அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மிளகளவு புடைப்பு இருந்தது. சர்க்கார் அதற்கு என்னவோ நீளமாகப் பேர் வைத்திருந்தது. டிரைவர்கள் காதுமணி என்பார்கள். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெருகிப்போனதும் வந்த சட்டம் அது. ஸ்டியரிங் பிடிக்கிறவனின் தலையே வண்டிக்குச் சாட்சி. அவன் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும், அப்போது அவன் பார்த்ததோடும் கேட்டதோடும் சேர்ந்து, நூல்கண்டு மாதிரி அந்த மணியில் சுற்றிக்கொள்ளும். கேஸ் என்று வராதவரை அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் வண்டியை நசுக்கப்போகும் அன்றைக்கு மணியையும் கழற்றுவார்கள். முதல் கிலோமீட்டரிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் படிப்பார்கள்.

அப்பாவின் மணியில் ஒரு ராத்திரி இருந்தது.

பல்லடத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு செட்டிபாளையம் சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்று அப்பா அவளையும் கூட்டிப்போயிருந்தார். பின்சீட்டில் படுத்திருந்தவள் ஒரு சத்தத்தில் எழுந்தாள். யாரோ மூட்டையை வண்டிமேல் எறிந்தது போன்ற சத்தம். வண்டி நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. அப்பா விளக்கை அணைத்தார். இருட்டில் மீட்டர் மட்டும் வெளிச்சமாக இருந்தது: 161438. பழக்கதோஷத்தில் அவள் அதைப் படித்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நிலா வெளிச்சத்தில் ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ரோடு வெள்ளையாக ஆகிக்கொண்டே வந்தது. பால் கேன் கவிழ்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அப்பா ரொம்ப நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை எடுத்தார். ஊர் எல்லை வந்ததும், "வீட்டுல இதப் பேசக்கூடாது கண்ணு" என்றார். அவ்வளவுதான். வீட்டிலும் பேசவில்லை, வண்டியிலும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் பல்லடம் சவாரி வந்தால் அவர் சூலூர் சுற்றித்தான் போவார். டீக்கடையில் அவளைக் கேட்காமலே, "ஒண்ணுல பால் ஊத்தாதீங்க" என்பார். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை.

எண் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது மீட்டர் செத்துவிட்டது. அவள் துண்டை முகத்திலிருந்து எடுத்தாள்.

சத்தி ரோட்டில் சகாயமேரியின் மீட்டர் கடைக்கு வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்கள். மேரி டாஷ்போர்டைப் பிரித்து, மீட்டர் பெட்டியை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகியது.

"ஏனுங்ணா, இதுல மீன் வளர்த்தீங்களா?"

"பாத்துச் சொல்லு மேரி. வெயில்ல வெச்சா வருமா?"

"அப்பளமா வெயில்ல வெக்கறதுக்கு? புதுசுதான் போடோணும். போடறது பெரிய வேலையில்லீங்ணா. புது மீட்டர் பொறந்த கொழந்தை மாதிரி, சைபர்ல நிக்கும். வண்டி எவ்வளவு ஓடியிருக்குதுன்னு அதுக்கு யாராச்சும் சொல்லிக்குடுக்கோணும். வழக்கமா இன்ஜின் பெட்டி சொல்லும். உங்க இன்ஜின் பெட்டியும் தண்ணி குடிச்சுட்டுப் பேந்தப் பேந்த முழிக்குது. மிச்சம் உங்க காதுதான்."

"அப்ப அப்பாகிட்ட இருக்கற எண்ணை மீட்டருக்கு ஏத்திரலாம்ங்களா?" என்றாள் மௌனிகா.

"அதான் சட்டம் கண்ணு. மேல ஏத்தறதுக்குச் சட்டம் இருக்குது." மேரி திருப்புளியால் தன்னையே காட்டிக்கொண்டாள். "கீழ எறக்கறதுக்கு நான் இருக்கறேன்."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. "எறக்கினா என்னாகும்?"

மேரி கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வந்தாள். "மூணு சாட்சிங்ணா. மீட்டர், இன்ஜின் பெட்டி, நீங்க. மூணும் ஒரே எண்ணைச் சொன்னா எந்த ஆபீசரும் திரும்பிப் பாக்கமாட்டான். பெட்டி ரெண்டையும் நான் பாத்துக்குவேன். நீங்க எறங்கறதுதான் செலவு. எவ்வளவு எறக்கறமோ அத்தனை கிலோமீட்டரும் தலையிலிருந்து போயிரும். வலிக்காது. பல் புடுங்கறதவிட லேசு."

"வீட்டுல நடந்தது?" என்றாள் மௌனிகா.

"அது எங்கயும் போகாது. ஓட்டறப்ப நடந்ததுதான் போகும்."

"ஓட்டறப்ப நடந்ததை அப்புறம் வீட்டுல ஒக்காந்து நெனச்சுப் பாத்திருப்பாங்கல்ல?"

மேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வெவரமாத்தான் கேக்கற. வேர் போனா கொடியும் காஞ்சுரும் கண்ணு. அவரே நெனச்சுக்கிட்டது கூடவே போயிரும். ஆனா இன்னொருத்தர் வாயால சொல்லி, வண்டி நிக்கறப்பவோ வீட்டுலயோ அவர் கேட்டது போகாது. அது தனி வேர். போன மாசம் ஒருத்தர் வந்தாரு, அவரு சம்சாரம் ஒரு வாரம் ஒக்கார வெச்சுக் கதை சொல்லியே பாதியக் காப்பாத்திருச்சு. மிச்சப் பாதி வேண்டாம்னு அதே முடிவு பண்ணிக்கிச்சு போல."

மௌனிகா யோசித்தாள். வீட்டில் என்ன நடந்திருக்கிறது? ஏர்போர்ட் சவாரிக்கு அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"கண்ணு, மூணு டீ சொல்லிட்டு வா" என்றார் அப்பா. அவள் போய்த் திரும்பியபோது பேச்சு முடிந்திருந்தது. மேரி ஒரு மாதிரி முகத்தோடு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துல வெக்கச் சொல்லிருக்கறேன்" என்றார் அப்பா. "ஒரு ஒண்ணரை வருசந்தான் போகும். பொழப்பு இன்னொரு ஒண்ணரை வருசம் ஓடும்."

அப்படியானால் அந்த ராத்திரி உள்ளேயேதான் இருக்கும். மூன்று லட்சம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போனதற்கே அவளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் பதினெட்டு ஆகிவிடும். பதினெட்டில் என்ன மாறப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதை ஒரு கரை மாதிரி நினைத்துக்கொண்டாள்.

புது மீட்டர் சென்னையிலிருந்து வந்து சேரும்வரை அப்பா வீட்டில் இருந்தார். பகல் வெளிச்சத்தில் அவரை வீட்டுக்குள் பார்ப்பதே வேடிக்கையாக இருந்தது. உப்பு டப்பா எங்கே என்று கேட்டார். பாத்ரூம் விளக்கு சுவிட்சைத் தேடினார். சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்னால் பாதியைத் தோலோடு சேர்த்து வீசினார்.

"ஏனுங்ப்பா, வெங்காயத்தை ஸ்கிராப்புக்கு அனுப்பறீங்களா?"

"நீ சொல்லு. எங்க விட்டே?"

அவள் ஒன்றரை வருஷத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த பெரிய மனிதர். அது சீட்டை நனைத்ததும், "இதுக்கும் சேத்து வாங்கிக்குங்க தம்பி" என்றாரே, அவர். கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தம் தப்பிவிடுமென்று அப்பா தப்பான பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனது. பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு அவிநாசி ரோடு மேம்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் அழுதது. பின்னால் வந்த பஸ்காரன் திட்டித் தீர்த்தது. "எம் பொண்ணு நானூத்தி எழுபதுய்யா" என்று அவர் அவனிடம் கத்தியது. சொல்லச் சொல்ல அப்பா தெரிந்த கதையைப் போலில்லாமல் புதுசாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

மீட்டரைப் பொருத்துவதற்கு முந்தின ராத்திரி இருவருக்கும் தூக்கம் வரவில்லை. மின்விசிறிக்கு அடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்கள்.

"கண்ணு, அதுக்கு முந்துனது ஏதாச்சும் சொல்லேன்."

"எதுக்கு முந்துனதுங்க?"

"நீ ஏழாவது, எட்டாவது படிக்கறப்ப. பொள்ளாச்சியிலிருந்து வந்தமே ஒரு நாளு, அந்த மாதிரி."

அது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதுதான் அவள் பெரியவளானாள். அம்மா இல்லை. அப்பா ஒரு மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் கடைக்காரப் பெண்ணையே கையோடு கூட்டிவந்தார். அப்புறம் வரும் வழியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அம்மா சொல்லவேண்டியதையெல்லாம் திக்கித் திக்கி அவரே சொன்னார். சீர் செய்ய ஆள் இல்லை என்று ஒரு பச்சைப் பட்டுப்பாவாடை வாங்கி முன்சீட்டில் வைத்தார்.

"அது எங்கப்பா போகப்போகுது? அது உங்ககிட்டயேதான இருக்கும்."

"இருக்கும்" என்றார் அவர். "இருந்தாலும் சொல்லேன்."

"தூக்கம் வருதுங்ப்பா."

அவர் புரண்டு படுத்தார். செட்டிபாளையம் சாலையைப் பற்றி அவளுக்குக் கேட்க இருந்தது. இப்போது கேட்டுவிடலாம். இருட்டாக இருக்கிறது, முகம் தெரியாது. "அப்பா, அந்த..." என்று ஆரம்பித்தாள்.

"தூங்கு சாமி" என்றார் அவர் சட்டென்று.

மறுநாள் மேரி கடையின் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து, காதுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகட்டை ஒட்டினாள். ஒயரின் இன்னொரு முனை புது மீட்டரில் இருந்தது. மௌனிகாவை வெளியே நிற்கச் சொன்னாள். ஒரு பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும் நேரம்கூட ஆகவில்லை.

அவள் உள்ளே போனபோது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவளையே பார்த்தார். யாரையோ எங்கேயோ பார்த்த ஞாபகம்போல.

"எப்படிப்பா இருக்குது?"

அவர் திடுக்கிட்டார். "மௌனீ... கொரல் எப்ப கண்ணு இப்படி ஆச்சு?"

"எப்படி?"

"பெரிய புள்ளை மாதிரி." எழுந்து நின்று தன் தோளுக்கும் அவள் தலைக்கும் கையால் அளந்து பார்த்தார். முகத்தில் ஒரு பயம் வந்து போனது. "உன்னை நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்? படுத்திருக்கறப்ப காலு பாய்க்கு வெளிய போகுதேன்னுகூட நெனச்சேன். இப்ப வீட்டுல நீ கதை சொன்னதும் ஞாபகம் இருக்குது. ஆனா..."

தூங்குகிற மௌனிகாவும் இந்தச் சில நாள் வீட்டில் கதை சொன்ன மௌனிகாவும் மட்டும்தான் அவரிடம் மிச்சமிருந்தார்கள். பாட்டு கேட்கும், சண்டை பிடிக்கும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வரும் மௌனிகாவுக்கு அவரிடம் பன்னிரண்டு வயசு.

அவள் மேரியின் மேல் பாய்ந்தாள். "தப்பா வெச்சுட்டீங்க! ரெண்டு நாப்பதுதான சொன்னாங்க? எவ்வளவு எடுத்தீங்க?"

"சத்தம் போடாத கண்ணு." மேரி அவளைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். "உங்கப்பா சொன்னதைத்தான் வெச்சேன். ரெண்டு நாப்பதே போதும்ங்ணா, அதுக்கு மேல எறக்கறது பாவம், ஒவ்வொரு ஆயிரத்துலயும் எதாவது இருக்கும்னு நான் சொல்லாம இல்லை. நீ டீ வாங்கப் போனப்ப ஒரு எண்ணைச் சொன்னாரு. எங்கிட்ட வாறவங்க எல்லாருமே ரவுண்டாத்தான் சொல்லுவாங்க. அவரு கடைசி எண் வரைக்கும் சொன்னாரு. என்ன கணக்குங்ணான்னு கேட்டதுக்கு, சாமி நம்பருன்னாரு."

டாஷ்போர்டில் புது மீட்டர் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. மௌனிகா குனிந்து படித்தாள். 161436.

இரண்டு கிலோமீட்டர் முன்னால். சைக்கிள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

அப்பா அந்த ராத்திரியைத் தள்ளிப்போடவில்லை. அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். அதோடு பொள்ளாச்சி ரோட்டையும், பச்சைப் பாவாடையையும், அவள் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும். முந்தின ராத்திரி "இருந்தாலும் சொல்லேன்" என்று அவர் கேட்டது இதற்குத்தான். தூக்கம் வருகிறது என்று அவள் சொல்லியிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அப்பா நன்றாக ஆனார். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது நின்றுபோயிற்று. காலையில் சீட்டியடித்துக்கொண்டே வண்டியைக் கழுவினார். சவாரிக்குப் போய்வரும்போது அவளுக்குத் தேன்மிட்டாய் வாங்கிவந்தார், பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு வாங்குவதுபோல. ஆட்டுக்குட்டிக்காரரின் கதையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும்போது, "நம்ம மௌனி சொல்லும், ஒருக்கா நான் ஊட்டிக்குப் போனப்ப" என்று ஆரம்பித்தார்.

"ஏன் கண்ணு எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கற? ஸ்கூல்ல யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்லீங்ப்பா."

"எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மூன்று சாட்சியும் ஒத்துப்போய்விட்டன. மீட்டர் நிரபராதி, இன்ஜின் பெட்டி நிரபராதி, அப்பா எல்லாரையும்விட நிரபராதி. அவள் காதுக்குப் பின்னால் எந்த மணியும் இல்லை. பின்சீட்டில் இருப்பவர்களைச் சட்டம் கேட்பதில்லை. அந்தப் பால் இப்போது அவளுடைய ரோட்டில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குச் சவாரி வந்தது. "நீயும் வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். போகும்போது சவாரிக்காரர் சூலூரில் யாரையோ ஏற்றவேண்டியிருந்ததால் அந்த வழியில் போனார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா இடதுபக்கம் ஒடித்தார்.

"அப்பா, இந்தப் பக்கம் எதுக்குங்க? சூலூர் வழியே போயிரலாம்."

"செட்டிபாளையம் ரோடு இருக்கறப்ப எவனாச்சும் சூலூர் சுத்துவானா? டீசல் என்ன ஓசியிலயா வருது?"

அவள் சீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டாள். ரோடு பகலில் வேறு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் வெயில். அப்பா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒரு சிறு பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டியதும் புளியமரம். மரத்தடியில் தகரம் போட்ட ஒரு டீக்கடை. நாலு வருஷத்துக்கு முன் அங்கே கடை இல்லை.

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். "டீ சாப்பிட்டுட்டுப் போலாம்."

"எனக்கு வேண்டாம்ங்ப்பா. தலை வலிக்குது, வீட்டுக்குப் போயிரலாம்."

"தலைவலின்னா டீ குடிச்சாத்தான் கேக்கும். எறங்கு, எறங்கு." கடைக்காரப் பெண்ணிடம், "ரெண்டு டீ போடுங்க அம்முணி. நல்லா பால் ஊத்தி" என்றார்.

நாற்பது வயசிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. அவள் தலைக்கு மேலே தகரத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மீசை வைத்த ஒரு ஆள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாமல் நின்றான். பிளாஸ்டிக் மாலை வெயிலில் நிறம் போயிருந்தது.

மௌனிகாவின் கையில் கிளாஸ் வந்தது. ஆவி பறந்தது. அவள் அதைக் கீழேயும் வைக்காமல் வாய்க்கும் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்காரருங்களா?" என்றார் சென்னியப்பன் போட்டோவைப் பார்த்து.

"ஆமாங்க. இதே எடத்துலதான். நாலு வருசமாச்சு."

"அட சாமி. என்னங்க ஆச்சு?"

"கடைசிக் கறவைப் பாலை சொசைட்டிக்கு எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போனாருங்க. ஒரு கார்க்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். விடிஞ்சுதான் பாத்தாங்க. அடிச்ச ஒடனே எடுத்துக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு."

அப்பாவின் முகம் கறுத்தது. மௌனிகா அவர் கண்ணையே பார்த்தாள். எங்கேயாவது ஒரு மூலையில், ஒரு நூல் அளவு, ஏதாவது அசைகிறதா என்று. அசைந்தது கோபம்தான். கலப்படமே இல்லாத கோபம்.

"நிறுத்தவே இல்லீங்களா அவன்? அவனெல்லாம் சோத்தைத்தான் திங்கறானா? நானும் வண்டி ஓட்டறவந்தானுங்க, இருவது வருசமா ஓட்டறேன். ஒரு நாய் குறுக்க வந்தாக்கூட நிறுத்தி எறங்கிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். மனுசனைப் போட்டுட்டுப் போவானாங்க ஒருத்தன்? நல்லாவே இருக்கமாட்டான் அம்முணி. அவன் குடும்பமே நல்லாருக்காது."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண். "அவன் வண்டியில ஒரு கொழந்தை இருந்துச்சுங்க."

"கொழந்தையா?"

"தோட்டத்துல தண்ணி கட்டிக்கிட்டிருந்த பெரியவரு ஒருத்தர் தூரத்துலயிருந்து வண்டியை மட்டும் பாத்திருக்காரு. விளக்கை அணைச்சுட்டு நின்னுச்சாம் வண்டி. நம்பரு தெரியலை. பின்னாடி கண்ணாடியில ஒரு சின்ன மூஞ்சி மட்டும் நெலா வெளிச்சத்துல தெரிஞ்சுதாம். போலீசுல கொழந்தை சாட்சியெல்லாம் எங்க போய்த் தேடறதுன்னு விட்டுட்டாங்க." அவள் கரித்துணியால் மேசையைத் துடைத்தாள். "அந்தக் கொழந்தை இப்பப் பெருசாயிருக்கும். என்னிக்காச்சும் இந்த வழியே வரும், எறங்கிச் சொல்லும்னுதான் இங்கயே கடையப் போட்டேன். தண்டனை குடுத்து நான் என்னங்க பண்ணப்போறேன்? அவரு கடைசியா எதாச்சும் சொன்னாரா, கத்தினாரா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"சொல்லும் அம்முணி" என்றார் சென்னியப்பன். "கண்டிப்பா வந்து சொல்லும். கொழந்தைங்க மனசுல வெச்சுக்காதுங்க."

சில்லறை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வண்டிக்கு நடந்தார். மௌனிகா கிளாஸைப் பார்த்தாள். டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸைக் கொடுக்கும்போது அந்தப் பெண், "சக்கரை பத்தலையா சாமி?" என்றாள்.

"இல்லீங்க்கா. சரியா இருந்துச்சு."

காரில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாவம் பாரு கண்ணு. எவனோ பண்ணுனதுக்கு இந்தம்மா இப்படி ரோட்டைப் பாத்துக்கிட்டே நிக்குது." சாவியைச் செருகினார். மீட்டர் எழுந்து எரிந்தது. அது தெரியாத எண்ணைத் தெரிந்ததுபோலக் காட்டியது.

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இன்னும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"ஏன் சாமி? வாந்தி வருதா?"

"இல்லீங்ப்பா. ஒண்ணு சொல்லோணும்." டீக்கடைத் தகரத்துக்கு அடியில் அந்தப் பெண் கிளாஸைக் கழுவிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "வண்டி நிக்கறப்பவே சொல்லிரோணும்."

அப்பா சிரித்தார். சாவியைத் திருப்பி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லு கண்ணு" என்றார்.